துண்டுக்குள் மூன்றாவது கை

நெருஞ்சிக்கரட்டு மாட்டுச் சந்தையில் மூன்றாவது கை வந்தது ஒரு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணிக்கு, காற்று புழுதியை வாரி மாடுகளின் முகத்தில் இறைத்துக்கொண்டிருந்தபோது, தரகர் சென்னியப்பனும் வியாபாரி உஸ்மான் ராவுத்தரும் ஒரு ஜோடி மயிலைக் காளைகளுக்காக ஒரே துண்டுக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தபோது.

அந்தச் சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவர் கையையும் விற்கிறவர் கையையும் ஒரு துண்டு மூடிக்கொள்ளும். உள்ளே இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, ஒரு விரலின் பாதியை அழுத்தினால் அரை, உள்ளங்கையைத் தேய்த்துவிட்டால் போய்விட்டு வா என்று அர்த்தம். விரல் ஒன்று ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும், தெரியாதவருக்குச் சந்தையில் வேலை இல்லை. துண்டுக்கு வெளியே இரண்டு முகங்களும் வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு குடும்பத்தின் ஒரு வருடச் சாப்பாடு முடிவாகும், அது எவ்வளவுக்கு முடிந்தது என்பதை வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை, பெரும்பாலும் யாரும் சொன்னதுமில்லை.

நடுவில் தரகர் இருந்தால் துண்டு இரண்டு முறை விரியும், விற்கிறவரோடு ஒரு தடவை, வாங்குகிறவரோடு ஒரு தடவை. முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் நடுவே ஒரு விரல் காணாமல் போவது உண்டு. சென்னியப்பன் முப்பத்தொரு வருடமாக அந்தக் காணாமல் போன விரலில்தான் வீடு கட்டினார், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார். அதைத் திருட்டு என்று அவர் நினைத்ததில்லை. நினைக்காமல் இருப்பதற்குச் சிரமப்பட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அன்றைக்குக் காளைக்காரர் ஆறு விரலுக்குச் சம்மதித்திருந்தார். சென்னியப்பன் ராவுத்தரின் கையில் ஐந்தைச் சேர்த்துப் பிடித்து, பிறகு இரண்டைப் பிடித்தார், ஏழு. பிடித்த இரண்டில் ஒன்றை, எங்கிருந்தோ வந்த இன்னொரு கை, தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொருளை எடுப்பதுபோல மெல்லப் பிரித்து விட்டது.

ராவுத்தர் வானத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "தரகரே, உங்களோட இன்னொரு கை எங்க?"

"இதோ, மாட்டுக் கயிறு புடிச்சிருக்கறனுங்க. உங்களுது?"

"பீடி புடிச்சிருக்கு."

துண்டை விலக்கினார்கள், இரண்டு கைகள் இருந்தன. மூடினார்கள், மூன்று இருந்தன. வெதுவெதுப்பான, காய்ப்பு ஏறிய கை. ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்ல முடியவில்லை.

"ஆறுங்குது," என்றார் ராவுத்தர்.

"ஆறுதானுங்க," என்றார் சென்னியப்பன், சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே தெரிந்தது.

வெயில் ஏறுவதற்குள் நாற்பது துண்டுகளுக்குள் கை வந்துவிட்டது, ஒரே நேரத்தில், கிழக்கு மூலையில் எருமைக்கும் மேற்கு மூலையில் கன்றுக்கும், யாரையும் காக்க வைக்காமல். அடுத்த செவ்வாயும் வந்தது, அதற்கடுத்த செவ்வாயும் வந்தது. ஊர் முதலில் பயந்தது, பிறகு கும்பிட்டது, பிறகு பழகிக்கொண்டது. துண்டுகளை வெளுத்து எடுத்து வந்தார்கள். நகம் வெட்டினார்கள். கைக்குக் கற்பூரம் காட்டிய ஒருவரின் துண்டுக்குள் அது மூன்று வாரம் வரவில்லை, அதைக் கும்பிடக் கூடாது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். பங்காளிச் சண்டையை அதனிடம் தீர்க்கப் பார்த்த அண்ணன் தம்பிகளுக்குத் துண்டுக்குள் தங்கள் கைகளே மிஞ்சின. என் இருமல் என்னைக் கொன்றுவிடுமா என்று கேட்ட ஒரு முதியவரின் விரல்களை அது சற்று நேரம் பிடித்திருந்து, ஒன்றும் சொல்லாமல் விட்டது. விற்க மனமுள்ள ஒருவரும் வாங்க மனமுள்ள ஒருவரும் இருந்தால் மட்டும் அது வரும், வந்து, அந்த இரண்டு பேரும் அறியாததை, பக்கத்துச் சந்தையில் தீவனம் என்ன விலை, கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு, பண்டிகைக்கு எத்தனை நாள் என்பதையெல்லாம் விரலிலேயே வைத்திருந்து, ஒரு விரலை நீட்டும், ஒரு விரலை மடக்கும்.

இன்னொன்றும் நடந்தது. அதுவரை பெண்கள் துண்டுக்குள் கை விட்டதில்லை, அந்நிய ஆணின் விரலைப் பிடிப்பதா என்று. இப்போது உள்ளே மூன்றாவதாக ஒரு கை இருக்கிறதே, பிறகென்ன என்று அவர்களே வந்து கையை விட்டார்கள். ஊருக்கு வெளியே குடியிருந்தவர்களின் கையைத் தொடாமல், தரகர் மூலம் மட்டுமே விலை பேசிக்கொண்டிருந்த பண்ணைக்காரர்களும், கை யாரையும் விலக்காமல் பிடிப்பதைக் கேள்விப்பட்டு, கொஞ்சம் முகம் சுளித்து, பிறகு மாடு நல்ல மாடாக இருந்ததால் துண்டை விரித்தார்கள். தரகர்களைத் தேடுவார் இல்லாமல் போயிற்று.

சென்னியப்பன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சந்தையைப் பார்த்தார். ஊரே நல்லது என்று சொல்கிற ஒன்றை அவர் சும்மா நம்பிப் பழகவில்லை. ஏனென்றால், ஊரே நல்லவர் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவரை அவருக்கு உள்ளிருந்தே தெரியும், அது அவர்தான். இது யாருடைய கை? சந்தைக் குத்தகைக்காரர் வரதராசன் ஏதாவது ஏற்பாடு செய்திருப்பாரோ? பெரிய வியாபாரிகள் சேர்ந்து செய்கிறார்களோ? அல்லது, நான் சந்தேகப்படுவது கையையா, போய்விட்ட என் விரலையா? இந்தக் கடைசிக் கேள்வி வரும்போதெல்லாம் அவர் எழுந்து டீ குடிக்கப் போனார்.

ஒரு செவ்வாய் அவர் உள்ளங்கை நிறைய நீலச் சாயத்தைத் தடவிக்கொண்டார். ஆட்டு முதுகில் அடையாளம் போடுகிற சாயம், பத்து நாள் ஆனாலும் போகாது. சும்மா விட்டால் கை வராது என்பதால் ஒரு கன்றுக்குட்டியை நிஜமாகவே வாங்க முடிவு செய்து துண்டுக்குள் கையை விட்டு, மூன்றாவது கை வந்ததும் அதன் சுட்டுவிரலை நன்றாகப் பிடித்து, சாயத்தை அழுத்தித் தேய்த்தார். கை ஒன்றும் செய்யவில்லை, தேய்த்துக்கொள் என்பதுபோல இருந்தது. நாளைக்கு இந்த ஊரில் எவன் சுட்டுவிரல் நீலமாக இருக்கிறதோ அவன்தான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

விடிந்ததும் பால்காரர் வந்தார், பாத்திரத்தை நீட்டிய விரல் நீலம். டீக்கடைக்காரர் விரல் நீலம். பஸ் கண்டக்டர் சீட்டு கிழித்தார், நீலம். எருமை விற்ற பண்ணைக்காரர் தன் விரலையும், தன் தோட்டத்தில் வேலை செய்து ஒரு வெள்ளாடு வாங்கியிருந்தவரின் விரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அன்று முழுக்க கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் அந்தச் சந்தையில் ஒரு கோழியாவது வாங்கியவர், விற்றவர் எல்லோருடைய சுட்டுவிரலிலும், வெயிலில் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, மெல்லிய நீலப் பூச்சு ஒன்று இருந்தது.

எல்லோருடைய கை என்று தெரிந்ததும் ஊருக்கு நிம்மதி வந்தது. சென்னியப்பனுக்கு இருந்த நிம்மதியும் போயிற்று. ஒருவனுடைய கை என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். எல்லோருடைய கை என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

புரட்டாசியில் ஜில்லாவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். இளம்பரிதி என்று பெயர், நாற்பது வயது இருக்கும், டீக்குக் காசு கொடுத்துக் குடித்தார். துண்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். அவர் வாங்கவும் வரவில்லை விற்கவும் வரவில்லை என்பதால் அவருக்குக் கை வரவில்லை. ஆனாலும் நம்பினார், நம்பியதால்தான் கவலைப்பட்டார்.

"இவ்வளவு பெரிய விஷயம், ஒரு சட்டதிட்டம் இல்லாம நடக்குதே," என்றார் சென்னியப்பனிடம். "எங்கப்பா ஒரு சந்தையில ஜோடிக் காளை வித்துட்டு வெறுங்கையா வந்தாரு. துண்டுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு சாகற வரைக்கும் சொல்லல. எனக்கு மூடி வெச்ச துணியைக் கண்டாலே ஆகாது."

சென்னியப்பன் அவர் அப்பாவின் ஊர்ப் பெயரைக் கேட்கவில்லை. கேட்டால் ஒருவேளை தெரிந்த ஊராக இருந்துவிடும்.

முதல் உத்தரவு வந்தது. துண்டு வெள்ளையாக இருக்க வேண்டும், மூலையில் முத்திரை இருக்க வேண்டும், அழுக்குத் துண்டில் கைக்கு நோய் வந்தால் யார் பொறுப்பு? முத்திரைத் துண்டு விற்கும் உரிமை வரதராசனுக்குப் போனது. இரண்டாவது உத்தரவு, கண்டவர்களும் தரகு பேசக் கூடாது, உரிமம் பெற்ற பன்னிரண்டு பேர் மட்டும், ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று கட்டிய கூலிக்கு, கை சாட்சியாக நின்று பேச வேண்டும். மூன்றாவது உத்தரவு, கை சொன்ன விலையைச் சந்தை வாசலில் கரும்பலகையில் எழுத வேண்டும், எழுதிய விலைக்குக் கீழேயும் போகக் கூடாது மேலேயும் போகக் கூடாது, ஏமாறுகிறவர் ஏமாறாமல் இருக்க. ஒவ்வொரு உத்தரவும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல உத்தரவுதான். சென்னியப்பன் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்த்தார். சேர்த்துப் பார்க்கச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு உரிமம் கிடைத்திருந்தது. நான்காம் எண். சட்டைப் பையில் குத்திக்கொள்கிற அட்டை, அதில் அவர் படம்.

உரிமம் கிடைக்காத தரகர் மாரப்பன் லாரியில் மாடு ஏற்றுகிற வேலைக்குப் போனார். எதிரில் வரும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார். "நாலாம் நெம்பர் அண்ணா சௌக்கியமுங்களா? முன்னெல்லாம் விரலை முழுங்கோணும், பாவம் தொண்டையில சிக்கும். இப்ப கவருமெண்டே ஊட்டி உடறாப்பல இருக்குது."

"பேசாத போடா மாரப்பா."

"பேசறதுக்கும் உரிமம் வாங்கோணுங்களா?"

கரும்பலகை வந்த பிறகு கை மாறிப்போயிற்று. முத்திரைத் துண்டுக்குள் வந்தது, வராமல் இல்லை. ஆனால் வேலையிலிருந்து நீக்கிய பிறகும் பழக்கத்தில் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறவரைப்போல, விரல்களுக்கு நடுவே சும்மா கிடந்தது. வாசலில் எழுதியிருப்பதை உள்ளே வந்து எதற்குத் தடவ வேண்டும் என்று மக்களும் பெயருக்குத் துண்டை விரித்து எடுத்தார்கள். ஐப்பசி மழை பொய்த்தது. தீவனம் கூடியது, கிணறு வற்றியது. கரும்பலகையில் மட்டும், அதை எழுதிய வாரத்தின் பச்சை அப்படியே இருந்தது. நல்ல விலைதான். அந்த விலைக்கு வளர்ப்பதற்கென்று வாங்கத்தான் ஆள் இல்லை. கசாப்புக்கு ஏற்றுகிற லாரிக்காரர்கள் மட்டும் கொடுத்தார்கள், அவர்களுக்கு எந்த விலையும் கட்டுபடியாயிற்று. மற்றவர்கள் காலையில் ஓட்டி வந்த மாட்டை மதியம் ஓட்டிக்கொண்டு போனார்கள். விலையை மாற்றி எழுதக் கேட்டு அதிகாரியே மேலே இரண்டு கடிதம் போட்டார். பதில் வரவில்லை. சென்னியப்பனுக்கு மட்டும் கூலி குறையவில்லை. லாரி மாடும் மாடுதானே.

மார்கழியில் ஒரு செவ்வாய், பாவாத்தாள் தன் செவலைப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

அவளைப் பார்த்ததும் சென்னியப்பன் டீக்கடைப் பக்கம் நகரப் பார்த்தார். எட்டு வருடத்துக்கு முன்னால், புருஷன் செத்த முப்பதாம் நாள், அவள் உழவு மாட்டு ஜோடியை அவர் மூலமாகத்தான் விற்றாள். அன்றைக்கு நடுவில் காணாமல் போனது ஒரு விரல் இல்லை, இரண்டு.

"எங்க ஓடறீங்க, நில்லுங்க," என்றாள் அவள். "பேச வேண்டியிருக்குது."

அவள் முழங்கால் போய்விட்டது, கிணறும் போய்விட்டது, வெள்ளிக்கிழமை மகள் வந்து திருப்பூருக்குக் கூட்டிப்போகிறாள், அங்கே மாடி வீட்டில் பசுவுக்கு இடம் இல்லை. ஏழு ஈன்று ஓய்ந்த பசு. கரும்பலகையில் ஓய்ந்த பசுவுக்குப் பதினெட்டாயிரம். லாரிக்காரர் பதினெட்டு கொடுக்கத் தயாராக நின்றார். அவளுக்கு லாரி வேண்டாம். மேற்கே கரட்டடியில் இரண்டு ஏக்கர் வைத்திருந்த வேலப்பன், எருவுக்கு ஆகும், இருக்கிற வரை இருந்துவிட்டுப் போகட்டும், நாலாயிரம் தருகிறேன் என்று அவளோடு வந்திருந்தார். அவரிடம் அவ்வளவுதான் இருந்தது.

"நாலுக்கு முடிச்சுக் குடுங்க," என்றாள்.

"முடியாதுங்க அம்மணி. பலகைக்குக் கீழ போனா செல்லாது. என்னோட கார்டு போயிரும்."

"சும்மா குடுத்தா செல்லுமா?"

"அது செல்லும். தானத்துக்குத் தடை இல்ல."

வேலப்பன் தலையை ஆட்டினார். "ஓசிக்குன்னா வேண்டாமுங்க. செத்தவங்க காரியத்துக்குத்தான் பசுவைச் சும்மா குடுப்பாங்க. அதைக் கொண்டாந்து எங்கூட்டுல கட்டுனா ஆகாதுங்க. விலை குடுத்துப் புடிச்சாத்தான் அது என் மாடு."

அதிகாரி அன்று சந்தையில்தான் இருந்தார். சென்னியப்பன் இரண்டு பேரையும் பசுவையும் அவர் மேசைக்கு அழைத்துப் போனார், அவர் சொல்லட்டும், பழி அவரோடு போகட்டும் என்று. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பாவாத்தாளுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"அம்மா, இந்த விதி உங்களைக் காப்பாத்தறதுக்குத்தான்."

"எங்கிட்ட இருந்துங்களா?"

"உங்ககிட்ட இருந்து இல்ல. இன்னைக்கு உங்களுக்கு இஷ்டம்னு நான் விட்டா, நாளைக்கு ஒவ்வொரு வியாபாரியும் ஒவ்வொரு பொம்பளையை மிரட்டி, எனக்கும் இஷ்டம்னு சொல்ல வெச்சுக் கூட்டிட்டு வருவான். அப்ப நான் எதை வெச்சுக் கண்டுபிடிக்கறது?"

அது உண்மை என்பது அங்கே நின்றவர்களில் சென்னியப்பனுக்குத்தான் நன்றாகத் தெரியும். மிரட்ட வேண்டியதுகூட இல்லை. முப்பதாம் நாள் துக்கத்தில் இருக்கிற பெண்ணிடம், இப்ப விக்கலைன்னா இந்த விலையும் கிடைக்காதுங்க அம்மணி என்று மெதுவாகச் சொன்னால் போதும். அவர் அதிகாரியைப் பார்த்தார், நல்ல மனிதர். பாவாத்தாளைப் பார்த்தார். ஒருவர் சொன்னதும் சரியாக இருந்தது, மற்றவர் சொன்னதும் சரியாக இருந்தது, இரண்டு சரிகளுக்கும் நடுவே பசு அசைபோட்டுக்கொண்டு நின்றது.

மேசையை விட்டு நகர்ந்ததும் பாவாத்தாள் அவர் காதருகே வந்தாள். "அன்னைக்கு நீங்க ரெண்டு விரலு முழுங்குனது எனக்குத் தெரியும்."

சென்னியப்பன் பையில் குத்தியிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"வாங்கிப் போனவங்க ஊட்டம்மாவே அடுத்த மாசம் சொல்லிப்போட்டா. எட்டு வருசமா உங்க ஊட்டுக்கு முன்னால போறப்பெல்லாம் மண்ணை வாரித் தூத்தீட்டுத்தான் போறேன். அதனாலதான் இன்னைக்கு உங்ககிட்ட வந்தேன். மத்தவனுக்கெல்லாம் பயமிருக்குது. உங்களுக்குக் கொஞ்சம் வெக்கமும் இருக்குமுன்னு நெனச்சேன்."

சென்னியப்பன் லாரியைப் பார்த்தார். இதைச் செய்தால் கார்டு போகும், கார்டு போனால் ஐம்பத்தாறு வயதில் மாரப்பனோடு லாரியில் மாடு ஏற்ற வேண்டும், மாரப்பன் சிரிப்பான். செய்யாவிட்டால் மதியத்துக்குள் பசு லாரியில் ஏறும், பாவாத்தாள் மறுபடி மண்ணை வாரித் தூற்றுவாள், அதற்கு அவர் பழகித்தான் இருக்கிறார். இவள் என்னை வைத்து வேலை வாங்குகிறாளோ என்று ஒரு சந்தேகம் வந்தது. வாங்கினால் என்ன என்று இன்னொரு எண்ணம் வந்தது, அந்த எண்ணத்தின் மேலேயும் சந்தேகம் வந்தது. கடைசியில், யோசித்து முடிப்பதற்குள் சந்தை கலைந்துவிடும் என்பதால், தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முத்திரை இல்லாத, பழுப்பேறிய, அவருடைய வியர்வைத் துண்டு.

"கையைக் குடுங்க ரெண்டு பேரும்."

சந்தை நடுவில், எல்லோரும் பார்க்க, பாவாத்தாளின் கையின் மேலும் வேலப்பனின் கையின் மேலும் துண்டைப் போட்டார். தரகர்கள் பதினோரு பேர் எட்டிப் பார்த்தார்கள். வரதராசன் அதிகாரியைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

"என்ன மழை வருமுங்களா?" என்றார் வேலப்பன் வானத்தைப் பார்த்து, வழக்கத்தை விடாமல்.

"எங்க வருது," என்றாள் பாவாத்தாள். உடனே அவள் முகம் மாறியது. "வந்துருச்சுங்க."

"மழையா?"

"கைங்க. உடமாட்டேங்குது. நான் நாலு விரலைக் குடுக்கறேன், அது பொறுக்கிப் பொறுக்கி அஞ்சையும் நீட்டுது. மறுபடி அஞ்சுங்குது. மறுபடி அஞ்சு..."

சென்னியப்பன் தன் கையை உள்ளே விட்டார். அத்தனை மாதம் சவம்போலக் கிடந்த கை சூடாக இருந்தது, முதல் நாளைவிடச் சூடாக. ஐந்து, ஐந்து, ஐந்து, மூன்று, கூடவே பாதி. பதினெட்டரை. யாரும் எழுதி வைக்காமலே லாரிக்காரரின் மடியில் இருப்பது அதற்குத் தெரிந்திருந்தது. நியாயமான விலை. கை பாவாத்தாள் பக்கம் நின்று, அவளுக்காக, அவள் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தது. கை நம் பக்கம் பேசும் என்று நம்பி வந்திருந்த சென்னியப்பனுக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை.

"உங்களுக்கு அதிகமா வாங்கித் தரப் பாக்குதுங்க அம்மணி."

"நான் கேட்டனா?" என்றாள் அவள். பிறகு துண்டைப் பார்த்து, வாசலில் மேய வந்த மாட்டை விரட்டுகிற குரலில், "அக்கட்டால போ சாமி," என்றாள்.

கை போகவில்லை. சென்னியப்பன் அதன் மணிக்கட்டைப் பிடித்தார். அதுவரை அந்த ஊரில் யாரும் அதைச் செய்ததில்லை. நாடி துடித்தது, ஒரு நாடி இல்லை, சந்தை முழுக்க நடக்கிற காலடிகளைப்போல நூறு நாடி. அது நினைத்தால் தன் எலும்பை முறித்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தார். அது முறிக்கவில்லை. பேச்சை நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிற ஒருவரைப்போலக் காத்திருந்தது. அந்த இடைவெளியில் பாவாத்தாள் நாலு விரலைக் கொடுத்தாள், வேலப்பன் பிடித்தார். முடிந்தது. சென்னியப்பன் பிடியை விட்டார். கை அவர் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் படுத்திருந்தது. பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டுப் போயிற்று. மன்னித்ததா, எண்ணி வைத்துக்கொண்டதா, அவருக்குப் பிடிபடவில்லை.

அதிகாரி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. "கை வந்துச்சா?"

"வந்துச்சுங்க சார்."

"என்ன சொல்லுச்சு?"

கூட்டம் நெருங்கி வந்தது. நாலு என்று சொன்னால் போதும். கை இறங்கிவிட்டது, பலகை தப்பு என்று ஆகிவிடும், கார்டும் தப்பும். முப்பத்தொரு வருடமாகத் துண்டுக்குள் நடந்ததை மாற்றிச் சொல்லியே பிழைத்தவருக்கு அது ஒரு பொய்யே இல்லை. பாவாத்தாள்கூட அதைத்தான் எதிர்பார்த்து நின்றாள்.

"பதினெட்டரை சொல்லுச்சுங்க," என்றார் சென்னியப்பன். "உங்க பலகையை விட அரை சேத்தி."

"அப்புறம்?"

"நாலுக்குக் குடுத்தாச்சுங்க."

"கை சொன்னது தப்பா?"

"தப்பில்லீங்க. சரியான விலைதானுங்க. ஆனா மாடு கையோடது இல்லீங்க சார். இவங்களோடது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு இதே மாதிரி ஒருத்தன் ஒருத்தியை மிரட்டினா?"

"மிரட்டுவாங்க சார். ஏமாத்துவாங்க. நானே பண்ணியிருக்கறேன், இந்த அம்மணிகிட்டயே. அப்ப அவனைப் புடிங்க, என்னைப் புடிங்க. இவங்களை எதுக்குங்க புடிக்கறீங்க?"

"அது என் கையில இல்ல," என்றார் அதிகாரி மெதுவாக. "கார்டைக் குடுங்க."

சென்னியப்பன் பையில் குத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். அதிகாரி அதிலிருந்த படத்தையும் எதிரில் நின்ற முகத்தையும் பார்த்தார். விற்பனை செல்லாது என்று எழுதக் காகிதத்தை எடுத்து, பேனா மூடியைத் திறந்து, தேதியை எழுதினார், தேதிக்குக் கீழே நீண்ட நேரம் ஒன்றும் எழுதவில்லை. யாரும் பசுவைப் பிடிக்கச் சொல்லவில்லை. வேலப்பன் அதைப் புரிந்துகொண்டு, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் வாசல் பக்கம் நடந்தார். பசு பின்னால் போயிற்று.

மாரப்பன் லாரி மேலிருந்து கத்தினார்: "அண்ணா, இங்க ஒரு எடம் காலியா இருக்குது, வர்றீங்களா? கூலி கம்மி, ஆனா மாட்டைத் தள்ளறதுக்கு உரிமம் வேண்டாம்!" சிலர் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார். தான் செய்தது அவளுக்காகவா, எட்டு வருடத்துக்காகவா, இல்லை, கூட்டத்துக்கு நடுவே ஒரு அதிகாரியை வாயடைக்க வைக்கிற பழைய ஆசைக்காகவா என்று அவருக்குள் கேள்வி கிளம்பிவிட்டது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்று பட்டது. எதில் அதிகம் என்று பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

பாவாத்தாள் நாலாயிரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, வாசலையே பார்த்தபடி நின்றாள். பசு கரும்பலகையைத் தாண்டியது, சாலையில் ஏறியது, புழுதியில் செவலை நிறம் மங்கிக்கொண்டே போயிற்று.

"ஏழு ஈத்துப் பாத்தேன்," என்றாள். "நோவுல கெடந்தப்ப ராத்திரியெல்லாம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒருக்கா திரும்பிப் பாத்துச்சா பாருங்க."

"அதோட இஷ்டமுங்க அம்மணி," என்றார் சென்னியப்பன். சொல்லிவிட்டு, யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்று ஒருமுறை சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.